பருவங்களும் பருந்துகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை, அருவியில்லை, பெருங்காடும் இல்லை. ஆயினும், தடையற்ற பரந்த வானம் இந்நிலத்துக்கு வாய்த்த தனிச்செல்வமாகும். அவ்வானை ஆள்பவை பருந்து, வல்லூறு, கழுகு முதலிய வேட்டைப் பறவைகள். அவற்றைப் பருவந்தோறும் நோக்குவதும் நிழற்படமாக்குவதும் பொறுமையைப் புகட்டும் அரிய கல்வியாம்.

அவற்றுள் ஆண்டு முழுவதும் இங்கே வாழ்வன சில. வெண்டலையும் வெண்மார்பும் செங்கபில முதுகும் உடைய செம்பருந்தை மக்கள் கருடன் என்று வணங்குவர். கும்பாபிடேக வேளையில் அது கோபுரத்தின்மேல் வட்டமிட்டால், கூடியிருப்போர் கரங்கள் தாமே குவியும். அதன் இளம்பறவையோ கபில நிறத்தது. பழகாத கண் அதனைக் கரும்பருந்தென மயங்கும். ஐயம் தீர வாலை நோக்குதல் வேண்டும். கரும்பருந்தின் வால்நுனி பிளவுபட்டிருக்கும்; செம்பருந்தின் வால்நுனி வட்டமாயிருக்கும். கரும்பருந்து இலங்கையின் வடகரையிலும் வடமேற்குக் கரையிலுமே மிகுதியாக உள்ளது. கடல்நீரேரியின்மேல் அகன்ற சிறகுகளைச் சற்றே உயர்த்தி மிதப்பது வெண்வயிற்றுக் கடற்கழுகு. வளவுகளில் ஓணான் தேடித் திரிவது வைரி.

புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்க, விருந்தினர் வந்து சேர்வர். வடநாடுகளில் குஞ்சு பொரித்து, இந்தியாவைக் கடந்து வருவன பூனைப்பருந்துகள். இலங்கையில் அவை கூடுகட்டுவதில்லை. மழைநீர் தேங்கிய வயல்களின்மேல் தாழப் பறந்து இரைதேடுவது அவற்றின் இயல்பு. வடதுருவத்தை அடுத்த பனிவெளியிலிருந்து பொரிவல்லூறும் வருகின்றது. இரைமீது பாயுங்கால் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றரையும் கடக்கும். சேற்றில் மேயும் கரைப்பறவைகள் காரணமின்றி ஒருங்கெழுந்து சுழன்றால், நோக்குவோர் உடனே வானை ஆராய்தல் வேண்டும். பங்குனி, சித்திரையில் இவ்விருந்தினர் வடக்கே மீள்வர்.

இலங்கைப் பறவைகளைப் பற்றி லெக் என்பவர் எழுதிய பெருநூல் 1880 ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. ஹென்றி என்பவர் தாமே ஓவியந் தீட்டி எழுதிய வழிகாட்டி நூல் 1955 இல் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையைச் சுட்டு வீழ்த்தியே அதன் இனத்தை ஆராய்ந்தனர். இன்று துப்பாக்கியின் இடத்தைப் படக்கருவி பெற்றுள்ளது. பறக்கும் பருந்தைத் தெளிவாகப் பதிக்க, விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூறே ஒளியை உட்புக விடல் வேண்டும். உச்சிவெயிலில் செம்பருந்தின் வெண்டலை ஒளிமிகுந்து உருவிழக்கும். காலை இளவெயிலே ஏற்றது.

எனினும், துப்பாக்கியைப் போலவே படக்கருவியும் உயிர்குடிக்கக் கூடும். மார்கழி தொடங்கிச் சித்திரை வரை செம்பருந்து உயர்ந்த மரங்களில் கூடுகட்டும். அண்மைப்படம் விழைந்து ஒருவர் கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து அகலும். காவலற்ற முட்டையை வெயில் வாட்டும், காகம் கவரும். ஒரு படத்துக்காக ஓர் ஆண்டின் குஞ்சுகள் அழிந்துபோம். ஆதலின், கூட்டை அணுகாதிருப்பதும், அது உள்ள இடத்தைப் பலரறியப் பரப்பாதிருப்பதும் படம்பிடிப்போரின் கடனாகும். இரைதேடும் பறவையைத் தொலைவிலிருந்து பிடித்த படமே போதுமானது.

மரத்தைக் காப்பதும் இதனோடு சேர்ந்ததே. கடற்கழுகு பழைய கூட்டையே ஆண்டுதோறும் சுள்ளியிட்டுப் பெருக்கிப் பயன்படுத்தும். அம்மரம் வீழ்ந்தால் பல்லாண்டு உழைப்பும் வீழும். 2009 இல் முடிவுற்ற போரிலே குடாநாடு இழந்த பனைகளும் பிற மரங்களும் மிகப்பல. எஞ்சி நிற்கும் நெடுமரம் ஒவ்வொன்றும் அருமையானது. சுண்டிக்குளம் 1938 இல் பறவைச் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால், வீட்டு வளவிலும் கோயில் வீதியிலும் நிற்கும் மரத்துக்கு அவ்வூர் மக்களே காவலர்.

நாளும் இடமும் குறிக்கப்படாத படம் கண்ணுக்கு விருந்தாகலாம், அறிவுக்குச் சான்றாகாது. எந்நாளில் முதற் பூனைப்பருந்து வந்தது, எக்காற்று வீசியது, எத்தனை பறவைகள் தென்பட்டன என்று மாணவர் ஒரு கொப்பியில் ஆண்டுதோறும் எழுதிவருதல் நன்று. படக்கருவி இல்லாதவரும் இப்பணியைச் செய்யலாம். பத்தாண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டு நோக்கின், எவ்வினம் பெருகியது, எவ்வினம் அருகியது என்பது புலப்படும். அருகிவரும் இனத்தைக் காலத்தே அறிந்தால்தான் அதனைக் காக்கவும் இயலும்.