"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் போதுமா?

(முதியோர் நலக் கலந்துரையாடலில் ஓய்வு பெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை)



நம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது "சாப்பிட்டாச்சா?" என்றுதான். பதிலும் உங்களுக்குத் தெரியும்: "ஆச்சு". வயிறு காலியாக இருந்தாலும் "ஆச்சு"தான். அது மரியாதைக்குச் சொல்வது. அதையே நம் பாட்டிமார்கள் ஆஸ்பத்திரி வார்டிலும் சொல்கிறார்கள். அங்கே அது ஆபத்து.

நான் அறிந்த ஒரு பாட்டி. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் போனபின் மகனோடு மலிவு விலை அடுக்குமாடியில் இருந்தார். இனிப்பு நீர் வியாதி. காலில் புண் வந்து வார்டில் சேர்ந்தபோது எடை 58 கிலோ. வீடு திரும்பியதும், சோறு சாப்பிட்டால் இனிப்பு ஏறும் என்று பயந்து, காலையில் தேநீரும் பிஸ்கட்டும், மதியம் கொஞ்சம் ரசம் சோறும் என்று நிறுத்திக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து கிளினிக்கில் எடை பார்த்தார்கள். 52 கிலோ. உயரம் 150 சென்டிமீட்டர். உயரத்துக்கு ஏற்ற எடைதான், பி.எம்.ஐ. 23, கவலையில்லை என்றார்கள். வார்டில் எழுதிய 58 என்ற எண் அந்தக் கிளினிக்குக்கு வரவே இல்லை. 6 கிலோ, அதாவது பத்து விழுக்காட்டுக்கும் மேல் இறங்கியிருந்தது. புண் ஏன் ஆறவில்லை என்று யாரும் யோசிக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். பிரிட்டனில் 2003இல் வெளியிடப்பட்ட 'மஸ்ட்' என்ற முறை மூன்று விஷயங்களைத்தான் பார்க்கிறது. ஒன்று, பி.எம்.ஐ. இரண்டு, கடந்த மூன்று முதல் ஆறு மாதங்களில் தானாக இறங்கிய எடை. மூன்று, கடும் நோயால் ஐந்து நாளைக்கு மேல் உணவு உள்ளே போகாத நிலை. எடை 5 முதல் 10 விழுக்காடு குறைந்தால் 1 புள்ளி, அதற்கு மேல் 2 புள்ளி. மொத்தம் 2 வந்தாலே அதிக ஆபத்து. பாட்டிக்கு எடை இழப்பு மட்டுமே 2 புள்ளி. ஆஸ்பத்திரி, கிளினிக், முதியோர் இல்லம், வீடு என எங்கும் பயன்படுத்தவே இம்முறை வகுக்கப்பட்டது.

நிற்க முடியாமல் படுத்திருப்பவர்களை என்ன செய்வது? ஓர் அளவு நாடா போதும். மேல்கையின் நடுப்பகுதி 23.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மெலிவுக்கு அறிகுறி.

இது ஒரு பாட்டியின் கதை மட்டுமல்ல. நம் நாட்டின் 2018 தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 7.3 விழுக்காட்டினர் ஊட்டச்சத்துக் குறைந்தவர்கள். மேலும் 23.5 விழுக்காட்டினர் அந்த ஆபத்தில் இருப்பவர்கள். பத்தில் மூவர்!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

1. வார்டிலிருந்து அனுப்பும் கடிதத்தில் சேர்ந்த நாளின் எடையும் கிளம்பும் நாளின் எடையும் இருக்க வேண்டும். கிளினிக்கும் முதியோர் இல்லமும் அதோடு ஒப்பிட வேண்டும்.

2. கேள்வி நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். "பெராட் பாடான் துரூன்?" என்று கேட்டால் பாட்டி தலையாட்டுவார். "முன்பு எத்தனை கரண்டி சோறு, இப்போது எத்தனை? வளையல் கழன்று விழுகிறதா?" என்று தமிழில் கேளுங்கள், உண்மை வரும்.

3. ஆபத்து என்று தெரிந்தால் உணவியல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். புள்ளி போட்டு மூடிவைக்கும் தாள் யாருக்கும் சோறு போடாது.

நம் பங்கும் உண்டு. மாதம் ஒருமுறை வீட்டுப் பெரியவர்களின் எடையைப் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கிளினிக் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "வயசாச்சு, அப்படித்தான் மெலிவாங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

இந்த நாட்டுக்கு உழைத்து ஓய்ந்தவர்கள் இவர்கள். நாம் கேட்பது சலுகை அல்ல, அவர்களுக்குச் சேர வேண்டிய கவனிப்பு.