மாற்றுச் சான்றிதழ் மருந்தாகுமா?



மது, ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் சாவகர்க்கு முதற்படி. ஆதலின், இத்தகைய இல்லத்துப் பிள்ளைகளுக்கு இவ்வுரை எதற்கு எனச் சிலர் எண்ணலாம். பிள்ளையின் பகற்பொழுது கழிவது இல்லத்திலன்று, பள்ளியில்.

இன்று வகுப்பறைக்குள் நுழைவது புட்டியன்று. உதட்டின் உட்புறம் ஒதுக்கிக்கொள்ளும் சிறு புகையிலைப் பை. ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பும் நேரம் போதும்.

கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்றலாகாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்போர்க்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். சட்டம் கொடுத்தவனைக் குற்றவாளி என்கிறது; பள்ளிகள் பலவோ வாங்கிய சிறுவனை வெளியேற்றுகின்றன. மாற்றுச் சான்றிதழுடன் தெருவில் நிற்பவனுக்குத் திறந்திருப்பது அந்தக் கடை ஒன்றே. நற்பெயர் காத்ததாகப் பள்ளி மகிழலாம். பிள்ளையைக் காத்தது யார்?

திங்கட்கிழமை தோறும் வாராதவனை, திடீரென மதிப்பெண் சரிந்தவனை வகுப்பாசிரியர் முதலில் அறிவார். அவனை இறைவணக்கக் கூட்டத்தில் நிறுத்தாது தனியே அழைத்து வினவுதல் வேண்டும். பெற்றோரையும் மருத்துவரையும் இணைத்தல் வேண்டும். 14446 என்னும் கட்டணமில்லா உதவி எண் இதற்கென்றே உள்ளது. சிகிச்சை முடிந்து திரும்புகையில், வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் அடிக்கப்படாமல் இருத்தல் வேண்டும்.