ஓர் அளவு ஆயுளைச் சொல்லுமா?



"இன்னும் எத்தனை வருஷம், டாக்டர்?" புற்றுநோய் என்றதுமே குடும்பத்தார் கேட்கும் கேள்வி இது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தசைவரை இறங்கிவிட்டால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். பையை அறுத்தெடுப்பதா, கதிரியக்கச் சிகிச்சையால் அதைக் காப்பாற்றப் பார்ப்பதா? எடுத்துவிட்டால் பலருக்கு, வயிற்றின் மேல் ஒட்டும் பையில்தான் இனிச் சிறுநீர் சேரும்.

யாருக்கு எது பலன் தரும் என்று கட்டியே முன்கூட்டிச் சொல்லுமா?

கதிர்கள் புற்றணுவின் மரபணு இழையை அறுக்கின்றன. அறுந்ததைக் கண்டுபிடித்து ஒட்ட உதவும் புரதங்களில் ஒன்று எம்ஆர்இ11. இங்கிலாந்தில் அனன்யா சவுத்ரி, ஆன் கில்ட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைக் கட்டித் துண்டுகளில் அளந்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களில், இப்புரதம் கூடுதலாக இருந்தோரில் 100-க்கு 69 பேர் 3 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்நோய்க்குப் பலியாகவில்லை. குறைவாக இருந்தோரில் அது 43 பேர்தான். பையை அறுத்தெடுத்தவர்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. யாருக்குக் கதிர், யாருக்குக் கத்தி என்று இனி எளிதாகப் பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால், 2019-இல் வெளிவந்த மறு ஆய்வில் அந்த முடிவு உறுதிப்படவில்லை. சாயமேற்றும் விதம் மாறினால் அளவு மாறியது. பார்த்து மதிப்பெண் போடுபவர் மாறினாலும் மாறியது. ஆடுகிற தராசை நம்பி ஒருவர் பையை இழக்கலாமா?

உறுதியான பலன் வேறொன்றில் கிடைத்தது. 360 நோயாளிகள் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வு 2012-இல் வெளியானது. கதிரோடு கீமோ மருந்தும் சேர்த்தபோது, 2 ஆண்டுகள் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பாமல் இருந்தோர் 54 விழுக்காட்டிலிருந்து 67 விழுக்காடாக உயர்ந்தனர்.

ஆகவே, ஜார்ஜ்டவுன் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும், 1976-இல் தொடங்கப்பட்ட மவுண்ட் மிரியம் மருத்துவமனைக்குப் போனாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? சிறுநீர் அடைபட்டுச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா? கட்டியை முழுதும் சுரண்டி எடுக்க முடிந்ததா? சிகிச்சை பலிக்குமா என்பதை மருத்துவர்கள் இன்றும் பெரும்பாலும் இவற்றை வைத்தே கணிக்கிறார்கள்.

100-க்கு 69 என்பது ஒரு கூட்டத்தின் கணக்கு. உங்கள் அப்பா அந்த 69 பேரில் ஒருவரா என்று அதற்குத் தெரியாது.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. சிறுநீரில் ஒரே ஒரு முறை ரத்தம் வந்து, வலியில்லாமல் நின்றுவிட்டாலும் பரிசோதனைக்குப் போங்கள். புகைபிடிப்பவர்கள் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.