பழைய எஞ்சினும் புதிய உடலும்



சென்னையில் இயங்கிய ஒரு மோட்டார் தொழிற்சாலை, தன் தலைசிறந்த படைப்பாக ஒரு காரை வெளியிட்டு, சில ஆண்டுகளிலேயே கார் உற்பத்தியை நிறுத்திய வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அதனை விளங்கிக்கொள்ள நம் சேர்வராயன் மலைப்பாதையே நல்ல பாடப்புத்தகம்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலுள்ள நகரத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திற்கு நாம் ஏறுகிறோம். இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பதினைந்து மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் சாலை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து 1,500 கிலோ எடையுள்ள கார் அதில் ஏறுகிறது. பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ சுமையைக் கிணற்றிலிருந்து இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருப்பதற்கு ஒப்பான வேலையை எஞ்சின் செய்தாக வேண்டும். சாலையின் உராய்வும் காற்றின் தடையும் இதற்கு மேல். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குன்றுகிறது. குன்றிய வேகத்தை மீண்டும் பெற வேண்டும். வண்டியின் எடைக்கும் எஞ்சினின் ஆற்றலுக்கும் பொருத்தம் உண்டா இல்லையா என்பதை விளம்பரத்தாளைவிட மலைப்பாதை தெளிவாகச் சொல்லிவிடும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டுறவோடு, 1948ஆம் ஆண்டில் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் தோன்றியது. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர்ப் பகுதியில் அதன் தொழிற்சாலை இருந்தது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஹெரால்டு, 1972 முதல் கெஸல் என்று பல கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. டாக்டர்களும் வக்கீல்களும் பேராசிரியர்களும் ஹெரால்டை விரும்பி ஓட்டினார்கள். 1970களின் பிற்பகுதியில் கெஸலும் நின்றது. பின்னர்ச் சில ஆண்டுகள் சிறு வேன்களே அந்நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நின்றன.

இந்நிலையில்தான், இழந்த புகழை மீட்க, 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் வெளிவந்தது. அதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 என்னும் காரின் உடல். அக்கார் 1976இல் அங்கே அறிமுகமானது. 1977ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் பட்டத்தையும் பெற்றது. அதனை வடிவமைத்த டேவிட் பாஷ், இத்தாலியின் பெராரி டேட்டோனா என்னும் பந்தயச் சாயல் கொண்ட காரின் அழகை மனத்திற் கொண்டே அதனை உருவாக்கினார். ரோவரில் எட்டு சிலிண்டர் கொண்ட 3,528 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்றும் பொருத்தப்பட்டது. அதன் ஆற்றல் 155 குதிரைச் சக்தி.

சென்னையில் அந்த அழகிய உடல் உருவாயிற்று. ஆனால் அந்த எஞ்சின் வரவில்லை. அதற்குப் பதிலாக, வான்கார்டு காலத்து நான்கு சிலிண்டர் எஞ்சினின் வழிவந்த 1,991 கன சென்டிமீட்டர் எஞ்சினே பொருத்தப்பட்டது. அதன் ஆற்றல் ரோவரின் எட்டு சிலிண்டர் எஞ்சினுடையதில் ஏறத்தாழப் பாதிதான். நம் சாலைகளுக்கு ஏற்ப வண்டி தரையிலிருந்து சற்று உயர்த்தவும் பட்டது.

இவ்வாறு செய்தவர்களை அறியாதவர்கள் என்று எள்ளி நகையாடுதல் நேர்மையன்று. இறக்குமதிக்கு உரிமமும் அந்நியச் செலாவணியும் எளிதிற் கிட்டாத காலம் அது. பெட்ரோலை அளவின்றிக் குடிக்கும் எட்டு சிலிண்டர் எஞ்சினை இங்கே வாங்குவோர் சிலரே. பழைய எஞ்சினைச் செய்யும் கருவிகளும் அதனை அறிந்த தொழிலாளரும் கைவசம் இருந்தனர். கையில் உள்ளதைக் கொண்டு காரியம் முடிப்பது நம் நாட்டினருக்கு இயல்பானது. பல வேளைகளில் அது நற்பண்பும் ஆகும்.

அந்த எஞ்சினும் இழிந்ததன்று. அதன் குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்கள் இங்கிலாந்தில் பெர்குசன் டிராக்டர்களை இழுத்து வயல்களை உழுதன. அதே 1,991 கன சென்டிமீட்டர் அளவில், 1953இல் வெளிவந்த டிரையம்ப் டி.ஆர்.2 என்னும் ஸ்போர்ட்ஸ் காரிலும் அது இடம்பெற்றது. அக்கார் மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓடியது! டி.ஆர்.2 இரண்டு பேர் அமரும் வண்டி. எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. அங்கே எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர்கள் தந்து திறனை உயர்த்தினார்கள். சென்னையில் அவ்வழிவந்த எஞ்சின்மீது ஏற்றப்பட்டதோ ஏறத்தாழ 1,300 கிலோ எடையுள்ள, ஐவர் அமரும் உடல். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இலேசான வண்டியில் பாய்ந்தது, கனத்த வண்டியில் மூச்சுத் திணறியது. குறை எஞ்சினிலும் இல்லை, உடலிலும் இல்லை. இரண்டையும் இணைத்த பொருத்தத்தில் இருந்தது.

அதே காலத்தில் நடந்த மற்றொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் எஞ்சின் வெறும் 796 கன சென்டிமீட்டர், சிலிண்டர்கள் மூன்று. ஆனால் வண்டியின் எடை 700 கிலோவுக்கும் குறைவு. சிறிய எஞ்சின், அதற்கேற்ற இலேசான உடல். விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்களே, அதுதான். அவ்வண்டி ஏற்காட்டு மலையிலும் தன் சுமையைத் தானே சுமந்து ஏறிற்று.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984இல் வெளியிட்ட கான்டெஸாவும் முதலில் இதே குறையோடுதான் பிறந்தது. பெரிய உடலில் 1,489 கன சென்டிமீட்டர் பழைய எஞ்சின்! ஆனால் பின்னர் அதற்கு ஜப்பானின் இசுசூ எஞ்சின் பொருத்தப்பட்டது. குறை நீங்கிய கார் 2002 வரை நீடித்தது. ஸ்டாண்டர்டு 2000 அத்தகைய மறுபிறப்பைப் பெறவில்லை. 1988இல் சென்னையில் ஸ்டாண்டர்டு கார் உற்பத்தி முடிவுற்றது. ஒரு காரின் முடிவு ஒரு பொறியின் முடிவு மட்டுமன்று. நாற்பது ஆண்டுகளாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கைத்திறன்களும், அவற்றை நம்பிய குடும்பங்களும் அதனோடு சேர்ந்து நிலைகுலைந்தன.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை பொறியியலாளர் ஆவீர்கள். சிலர் நிறுவனங்களை நடத்துவீர்கள். பழையதைப் பழையது என்பதற்காகவே ஒதுக்காதீர்கள். புதியதைப் புதியது என்பதற்காகவே அணைக்காதீர்கள். இரண்டையும் இணைக்கும்போது, இது எவ்வளவு சுமையை எவ்வளவு உயரத்திற்கு ஏற்ற வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள். கணக்குச் சரியாக இல்லையென்று தெரிந்தால், வெளியிடும் நாளைத் தள்ளிப்போடத் துணியுங்கள். வெளியிட்ட பின் தெரிந்தால், திருத்தத் துணியுங்கள். பார்வைக்கு இனிய வடிவம் வாங்குபவரைக் கடை வரையில்தான் அழைத்து வரும்; மலை மேல் ஏற்றுவது உள்ளிருக்கும் ஆற்றலே.