சோடாக் கம்பெனி கைவிட்ட பீப்பாய்

அமெரிக்காவில் உணவகங்களின் குளிர்பான இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. இன்றைய பேச்சோ, வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பாட்டிலை விட்டுப் பீப்பாய்க்கு மாறுவதைப் பற்றி. இதில் உனக்கென்ன வேலை என்கிறீர்களா? அந்தப் பீப்பாயே எங்கள் தொழிலிலிருந்து போனதுதான்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் இதைச் செய்தால் போலீஸ் வரும். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டு உபயோகத்துக்கு வரியில்லாமல் பீர் காய்ச்ச வழிவிட்டது. வயதுவந்தவர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை. விற்கக் கூடாது.

ஒரு தடவை காய்ச்சினால் 5 காலன், ஏறக்குறைய 19 லிட்டர். அதை அடைக்க 355 மில்லி பாட்டில் ஐம்பதுக்கு மேல் வேண்டும். அத்தனையையும் கழுவி, கிருமி நீக்கி, 120 கிராம் போலச் சர்க்கரையைக் கொதிக்கவைத்துக் கலந்து, நிரப்பி, மூடி அடித்து, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடும். வெளியேற வழியில்லாத வாயு பீரில் கரையும். பீர் புளித்து முடியுமுன் அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும். எனக்குத் தெரிந்த உணவகக்காரர் ஒருவர் வீட்டில் நள்ளிரவில் துணி அலமாரிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. சட்டையெல்லாம் பீர், கண்ணாடிச் சில்லு. மறுவாரமே என்னிடம் பீப்பாய் கேட்டு வந்துவிட்டார்.

பீப்பாய்க் கதைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம் இதுதான். 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு ஜோசப் பிரீஸ்ட்லி என்றொரு பாதிரியார் குடிவந்தார். பக்கத்தில் பீர் ஆலை. புளிக்கும் தொட்டியின் மேல் தேங்கி நின்ற வாயுவுக்குள் பாத்திரம் விட்டுப் பாத்திரம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் பொங்கிச் சுறுசுறுத்தது. 1772-ல் அதன் செய்முறையை அச்சிட்டார். நாம் குடித்து வளர்ந்த கோலி சோடா வரை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். சோடா பீரிடம் பட்ட கடன் அது.

கடன் எப்படி அடைந்தது தெரியுமா? அமெரிக்கக் குளிர்பானக் கம்பெனிகள் உணவகங்களுக்குச் சர்க்கரைப் பாகை எஃகுப் பீப்பாயில் அனுப்பிவந்தன. மினசோட்டாவின் கார்னீலியஸ் நிறுவனத்தின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. நீள்வட்ட மூடி, உள்ளே கைவிட்டுத் தேய்க்கலாம். சதுர அங்குலத்துக்கு 130 பவுண்டு அழுத்தம் தாங்கும். கொள்ளளவு சரியாக 5 காலன். கோக் பீப்பாயில் வாயு போகும் முனைக்கு இரண்டு முள், பானம் வரும் முனைக்கு மூன்று முள். மாற்றி மாட்டவே முடியாது. பெப்சிப் பீப்பாய்க்கு முள் கிடையாது, குண்டுப் பூட்டு. பிற்பாடு அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் பாகு வரத் தொடங்கியது. எஃகுப் பீப்பாய்கள் கிடங்குகளில் குவிந்தன. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் மலிவாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

பீப்பாயில் சர்க்கரையும் வேண்டாம், ஈஸ்டின் தயவும் வேண்டாம். பீரை ஊற்றி மூடி, உள்ளிருக்கும் காற்றைச் சிலிண்டரிலிருந்து விடும் கார்பன் டை ஆக்சைடால் விரட்டி, குளிர்பெட்டியில் 3 டிகிரிக்கு ஆறவிட்டு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பத்துப் பன்னிரண்டு பவுண்டில் வைத்துவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் தேவையான வாயு கரைந்துவிடும். குளிரும் அழுத்தமும் மாறாதவரை கரையும் அளவும் மாறாது. வில்லியம் ஹென்றி 1803-லேயே சொல்லிவைத்த விதி. அவசரக்காரர்கள் 30 பவுண்டு வைத்துப் பீப்பாயை உருட்டிக் குலுக்குவார்கள். எனக்கு அது பிடிக்காது. பாதிப் பேர் அளவை மீறிவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசி சொல்வது ஒன்றே: “அண்ணே, நுரையாவே வருது.” ஒருவர் வீட்டுக்குப் போனேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று குழாயை ஒரு முழமாக நறுக்கிவைத்திருந்தார்! பன்னிரண்டு பவுண்டில் தள்ளப்படும் பீர் மெல்லிய நீளக் குழாயில் உரசி உரசி வேகம் தணிய வேண்டும். உள்விட்டம் 5 மில்லிமீட்டர் அளவில் மூன்று மீட்டர் குழாயைச் சுருட்டி வைத்தேன். அடுத்த கோப்பையில் இரண்டு விரல் நுரைதான்.

நேரமாகிறது, மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் விடிவதற்குள் சிலிண்டர் காலி. சிலிண்டருக்குள் 800 பவுண்டு இருக்கும், ரெகுலேட்டர் இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள். கசிந்த வாயு கனமானது, தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். காற்றோட்டமில்லாத நிலவறையில் வேண்டாம். பாட்டில்களை அடியோடு தூக்கிப்போடாதீர்கள், நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போகப் பீப்பாய் தோதுப்படாது. பழைய பீப்பாய் வாங்கினால் ரப்பர் வளையம் அத்தனையும் மாற்றுங்கள். எவ்வளவு கழுவினாலும் ரூட் பீர் என்ற குளிர்பானத்தின் பாகு வாசம் ரப்பரை விட்டுப் போகாது. உங்களுக்கு வாய்ப்பது பெப்சிப் பீப்பாயாக இருக்கட்டும், உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியிருக்காது.