ஒரு குப்பிப் புரதமும் ஒட்டிவரும் நச்சும்

உடலில் கிருமி புகுந்ததும் வெள்ளையணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் சிறு புரதங்களைச் சைட்டோகைன்கள் என்பர். அவற்றுள் காய்ச்சலையும் அழற்சியையும் மூட்டுவதில் முன்னிற்பது டி.என்.எஃப். ஆல்ஃபா. சுண்டெலிகளின் கட்டிகளைக் கருகச் செய்யும் பொருளாக 1975இல் நியூயார்க் ஆய்வாளர்கள் இதை அறிவித்தனர். நோயுற்ற உடலை உருக்கி இளைக்கச் செய்யும் கக்கெக்டின் என்று பிறர் தனியே பிரித்தெடுத்ததும் இதே புரதமே என்பது 1985இல் தெரியவந்தது.

உடலில் மிகச் சிறிதளவே சுரப்பதால், ஆய்வுக்குப் போதுமான அளவை மனித அணுக்களிலிருந்து திரட்டுவது கடினம். ஆகவே இதற்குரிய மனித மரபணுவை ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அது பெருகும்போதே புரதத்தையும் ஆக்கித் தரும்படி செய்கின்றனர். இவ்வாறு கிடைப்பதே மறுசேர்க்கைப் புரதம். 157 அமினோ அமிலங்கள் கொண்ட இச்சங்கிலி, மும்மூன்றாகச் சேர்ந்து இயங்குவது. சர்க்கரை இணைப்பு ஏதும் இதற்குத் தேவையில்லாததால் பாக்டீரியாவே போதுமாகிறது.

நேயர்கள் சற்று நின்று நோக்க வேண்டிய விந்தை இங்கேதான் உள்ளது. ஈ.கோலையின் வெளியுறையில் எண்டோடாக்சின் என்னும் நச்சு உண்டு, வெள்ளையணுக்களை டி.என்.எஃப். சுரக்கத் தூண்டுவதும் அதுவே. தூய்மைப்படுத்திய புரதத்தில் அந்நச்சு துளி எஞ்சியிருந்தாலும், சோதனைத் தட்டிலுள்ள அணுக்கள் புரதத்தைக் கண்டு கொதித்தனவா, நச்சைக் கண்டு கொதித்தனவா என்று பிரித்தறிய முடியாமல், மாதக்கணக்கான உழைப்பு பாழாகிவிடலாம். அதனால் குதிரைலாட நண்டின் நீலக்குருதி அணுக்களிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு, அச்சாறு உறைகிறதா என்று பார்த்து நச்சை அளக்கின்றனர். இதனினும் எளிய வழி, புரதக் கரைசலில் ஒரு பங்கைக் கொதிக்கவைத்துச் சோதிப்பதாகும்: கொதித்தால் புரதம் உருக்குலையும், நச்சு பெரும்பாலும் தாங்கி நிற்கும், ஆகவே கொதித்த பங்கும் அணுக்களைத் தூண்டுமானால் ஐயம் நச்சின் மேல் விழுகிறது.

கக்கெக்டினைப் பிரித்தெடுத்தவர்களுள் ஒருவரான புரூஸ் பாய்ட்லர், அந்நச்சை அணுக்கள் எவ்வாறு உணர்கின்றன என்று தேடி, எவ்வளவு நச்சேறினும் அசையாத ஒருவகைச் சுண்டெலியில் டி.எல்.ஆர்.4 என்னும் ஏற்பி பழுதுற்றிருப்பதை 1998இல் கண்டறிந்தார். 2011இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். இன்று ஒரு குப்பிப் புரதத்தின் மேல் ஐயம் எழுந்தால், அத்தகைய சுண்டெலியின் அணுக்களிலேயே அதை இட்டுப் பார்க்கின்றனர். நச்சை உணராத அவ்வணுக்களும் கிளர்ந்தால், வேலை செய்தது புரதமே என்று கொள்ள வலுவான சான்று கிடைக்கிறது.