கசெற்றில் கேட்ட கோச்சிச் சத்தம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் தேடிப் போனபோது எங்கள் குழுவுக்கு ஒரு பிஸ்கற் ரின் கிடைத்தது. அதற்குள் 17 கசெற்றுகள். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, ஓர் ஆசிரியை உடுப்புப் பையோடு இதையும் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்குப் போயிருக்கிறார். அன்று எங்களில் பலர் சான்றிதழ்களையும் இரண்டு உடுப்புகளையும்தான் எடுத்தோம். கசெற்றை எடுக்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பரிசளிப்பு விழா, தமிழ்த்தினப் போட்டி, நாடகம் என்று பலதும் அவற்றில் இருந்தன. ஒன்றில் சங்கீத ரீச்சர் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கீதம் பழக்குகிறார். ஒரு பிள்ளை சுருதி தவறிப் பாட, ரீச்சர் சிரித்துவிட்டு மறுபடியும் எடுத்துக் கொடுக்கிறார். ரீச்சர் இன்று இல்லை. அவர் சிரிப்பு மட்டும் இருக்கிறது.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூல்கள் சிலவற்றுக்கு வேறெங்காவது ஒரு பிரதி கிடைத்தது. ஏட்டுச் சுவடிக்கு அப்படி இல்லை. பாடசாலைக் கசெற்றும் ஏட்டுச் சுவடி போலத்தான். பெரும்பாலும் உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும்.

அந்த ஒன்றும் அதிக காலம் நில்லாது. ஒலிநாடா என்பது பிளாஸ்ரிக் பட்டியில் இரும்பு ஒட்சைட்டுத் தூளை ஒருவகைப் பசையால் ஒட்டியது. எங்கள் நாட்டு வெக்கையிலும் ஈரத்திலும் அந்தப் பசை இளகும், பூஞ்சணம் பிடிக்கும். நாடா நன்றாக இருந்தாலும், அதைப் போட்டுக் கேட்கும் கருவியின் றப்பர் பட்டி தளர்ந்துவிடுகிறது. திருத்தத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். 2025 அளவில் பல இடங்களில் ஒலிநாடாக்களைக் கேட்கவே முடியாமல் போகலாம் என்று யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் முன்னரே எச்சரித்திருந்தன.

ஒரு தவறையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்புத் தோழிகள் சேர்ந்து சில கசெற்றுகளை இறுவட்டில் பதிந்தோம். இடம் குறையட்டும் என்று ஒலியைச் சுருக்கி எம்பி3 ஆக்கினோம். வேலை முடிந்தது என்று கசெற்றுகளை எறிந்தும் விட்டோம். இன்று அந்த இறுவட்டுகளில் சில திறக்கவே இல்லை. திறப்பவற்றிலும், சுருக்கும்போது கழிந்துபோன ஒலியைத் திரும்பப் பெற வழியில்லை. எண்ணிமமாக்கினால் பாதுகாப்பு என்று நினைத்தோம். அதற்கும் காவல் வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது.

ஆகவே இம்முறை அவசரப்படவில்லை. பூஞ்சணம் பிடித்த கசெற்றுகளைப் புறம்பாக்கி, பழக்கமானவரிடம் கொடுத்தோம். மற்றவற்றின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்ரிக் தகடுகளையும் உடைத்துவிட்டோம். இனித் தவறுதலாக மேலே பதிய முடியாது. சுருக்காத வேவ் வடிவில், 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் அளவில் பதிந்தோம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 கிகாபைற் இடம் எடுக்கும். மூன்று பிரதிகள் எடுத்தோம்; ஒன்று கல்லூரியில், ஒன்று கொழும்பில், ஒன்று வெளிநாட்டில். வருடம் ஒருமுறை திறந்து பார்ப்பதற்கு ஆள் நியமித்திருக்கிறோம். கசெற்றுகளையும் எறியவில்லை.

இன்னொரு விடயம். இரைச்சலை எடுத்துச் "சுத்தமாக்கி"த் தரட்டுமா என்று ஒரு தம்பி கேட்டார். மூலப் பிரதியில் கை வைக்க வேண்டாம் என்றோம். அது நல்லதாகப் போயிற்று. கீதம் பழக்கும் கசெற்றில் ஆண்டு எழுதப்படவில்லை. ஆனால் இரண்டாவது அடிக்கு நடுவில், தூரத்தில் கோச்சி கூவுகிறது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி நின்றது. திரும்ப வந்தது 2014 இல். ரின்னோ 1995 இல் ரீச்சரின் பையில் போனது. ஆகவே அந்த வகுப்பு 1990 க்கு முந்தியது. இரைச்சல் என்று நாம் நினைத்ததுதான் காலத்தைச் சொன்னது.

காலம் தெரிந்தது. சுருதி தவறிய அந்தப் பிள்ளை யார் என்பது இன்னும் தெரியவில்லை. எங்களில் வைத்தியத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், பெயர் எழுதாத இரத்த மாதிரியை ஆய்வுகூடம் திருப்பி அனுப்பிவிடும். அதை யாருடையது என்று கொள்வது? பெயரில்லாத குரலும் அப்படித்தான். கருவியை எங்கேயாவது தேடிப் பிடிக்கலாம். குரலை அடையாளம் சொல்லக்கூடிய அக்காமாருக்கு எண்பது வயது தாண்டிக்கொண்டிருக்கிறது. அவர்களோடு இருந்து கேட்கும் வேலையைத்தான் முதலில் செய்யவேண்டும்.

மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோ சுற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் உங்கள் வீடுகளில், ஊரிலிருந்து அம்மா பேசி அனுப்பிய கசெற்றோடு கல்லூரிக் கசெற்றும் கிடக்கக்கூடும். எறிந்துவிடாதீர்கள். பழைய கருவியில் உடனே போட்டுப் பார்க்கவும் வேண்டாம். யார், எங்கே, எப்போது என்று நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். பிறகு எங்களோடு தொடர்பு கொள்ளுங்கள். வீட்டுக் குரல்கள் வீட்டுக்கே உரியவை. உங்கள் சம்மதமின்றி எதையும் வெளியே தரமாட்டோம். பொதுவாகக் கேட்கக்கூடியவற்றை, 2005 முதல் எங்கள் ஆவணங்களை எண்ணிம வடிவில் பேணிவரும் நூலக நிறுவனத்திடமும் கொடுக்க எண்ணியிருக்கிறோம்.

இன்று தேநீர் வேளையில் மண்டபத்தின் பின்பக்கம் அந்தக் கீத வகுப்பை ஒலிக்க விடுகிறோம். 1990 க்கு முன் சின்ன வகுப்பில் இருந்தவர்கள் தயவுசெய்து வந்து கேளுங்கள். அந்தப் பிள்ளை உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.